மொபைல் போனில் போடத் தகுந்த பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் எவை?

நீங்கள் ஆண்ட்ராய்ட் போன் வைத்திருக்கிறீர்கள், ரீலோட் போட்டுத்தான் டேட்டா பாவிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசரோடு கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல். பயர்பாக்ஸ் பிரவுசரை இறக்கி அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினைப் போடுங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

"குரோம் இருக்க இதெல்லாம் எதற்கு?" என்று கீழே யாராவது எழுதுவார்கள். ஆண்ட்ராய்ட் குரோமில் எக்ஸ்டென்ஷன் போட வசதியே இல்லை. அந்த வசதியைத் தந்த கிவி பிரவுசரும் 2025 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது. பயர்பாக்ஸில் 2023 டிசம்பரிலிருந்து நூற்றுக்கணக்கானவை கிடைக்கின்றன.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், நான் இலங்கையில், திருகோணமலை உவர்மலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பலருக்குச் சொந்தப் போன் இல்லை, அம்மாவின் போன்தான். ஒரு நாள் ஒரு தாய் வாசலிலேயே நின்று, "நீங்க எடுக்கச் சொன்ன பேப்பராலதான் டீச்சர் போன் பழுதாப் போச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாங்கிப் பார்த்தால், கடந்தகால வினாத்தாள் பக்கத்தில் பெரிய பச்சை நிறத்தில் டவுன்லோட் பொத்தான்கள், எல்லாம் விளம்பரம். உண்மையான இணைப்பு அவற்றுக்குக் கீழே பொடி எழுத்தில் கிடந்தது. பிள்ளை பச்சையை அமத்தி, கேட்டதற்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறாள். அதன் பிறகு இரவில் "உங்கள் போனில் வைரஸ்" என்று அறிவிப்புக்கு மேல் அறிவிப்பு. அனுமதியை எடுத்துவிட்டு, யூபிளாக் போட்டு, அதே பக்கத்தை அவர் முன்னாலேயே திறந்து காட்டினேன். பச்சை ஒன்றுமில்லை, அந்தப் பொடி வரி மட்டும். "அப்ப அதெல்லாம் பொய்யா டீச்சர்?" என்று கேட்டார்.

விளம்பரத்தில்தான் பல தளங்கள் பிழைக்கின்றன என்பது எனக்கும் தெரியும், அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள். மெனுவில் எக்ஸ்டென்ஷன்களுக்குள் போய் யூபிளாக்கைத் தொட்டால் பெரிய பவர் பொத்தான் வரும். அதை அமத்தினால் அந்தத் தளத்துக்கு மட்டும் நின்றுவிடும். நம்மூர்ச் செய்தித் தளங்களுக்கு நான் நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன். ஏதாவது படிவம் சரியாகத் திறக்காவிட்டாலும் இதையே செய்யுங்கள்.

இரவில் வாசிக்க, பக்கத்தின் பின்னணியை இருட்டாக்கும் டார்க் ரீடர் நல்லது, ஆனால் பழைய போனில் பக்கம் மெதுவாகும். கூப்பன் தேடித் தருபவை, வீடியோ இறக்கித் தருபவை வேண்டாம். பல எக்ஸ்டென்ஷன்கள் நீங்கள் திறக்கும் எல்லாத் தளங்களின் தரவையும் பார்க்க அனுமதி கேட்கும், யூபிளாக்கும் கேட்கும். ஆகவே அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். கணினிக் குரோமில் பலரும் நம்பிய, பாவிக்காத டேப்களை நிறுத்திவைக்கும் தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன் 2020 இல் கைமாறியது. தீங்கான நிரல் இருக்கிறதென்று 2021 இல் கூகுளே அதை முடக்கியது.

மொழிபெயர்ப்பு எக்ஸ்டென்ஷன் பற்றியும் கேட்பீர்கள். கேள்விக்கு வெளியே போகிறேன், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். எங்களுக்கு வரும் சுற்றறிக்கைகள் பல சிங்களத்தில், ஸ்கான் செய்த படமாக வருகின்றன. பக்கத்தை மொழிபெயர்க்கும் எக்ஸ்டென்ஷனுக்குப் படத்தில் இருப்பது எழுத்தே இல்லை. தமிழ்ப் பிரதி வரும்போது விண்ணப்பத் திகதி நெருங்கிவிடும். 1987 இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. சுற்றறிக்கை அனுப்புபவர்களே, தமிழ்ப் பிரதியையும் அதே நாளில், படமாக இல்லாமல் எழுத்தாகவே போடுங்கள்.