ஊசியிலேயே விழித்துக்கொள்ளும் ரத்தத்தட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (உயிர்த்தொழில்நுட்ப முதுகலை மாணவி, ஈரோடு): சுண்டெலியின் ரத்தத்தட்டில் (பிளேட்லெட்) பி-செலக்டின் புரதத்தைப் பார்க்க, அதைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும், சாயம் ஏற்றிய ஆன்டிபாடி வாங்கினோம். ரத்தத்தட்டை எழுப்பும் த்ரோம்பின் போட்ட குழாய் மின்னுகிறது. எதுவுமே போடாத குழாயும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு மின்னுகிறது. ஆன்டிபாடி கெட்டுவிட்டது, திருப்பி அனுப்பிவிடலாம் என்கிறார் சீனியர் அண்ணா. குப்பியில் 'எலி ஆன்டி சுண்டெலி' என்று வேறு போட்டிருக்கிறது. மாற்றி அனுப்பிவிட்டார்களோ?

பதில்: குப்பி சரியானதுதான் அம்மணி, அனுப்பிவிடாதீர்கள். சுண்டெலியின் புரதத்தை இன்னொரு சுண்டெலிக்கு ஊசி போட்டால் அதன் உடம்பு 'இது நம்ம சரக்கு' என்று சும்மா இருந்துவிடும், ஆன்டிபாடி கிடைக்காது. அதனால்தான் வேறு இனமான பெரிய எலிக்கு (ராட்) போட்டு எடுக்கிறார்கள். யார் உடம்பில் உண்டானது என்பது முதல் பெயர், எதைப் பிடிக்கும் என்பது இரண்டாவது பெயர், அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பி-செலக்டின் சும்மா இருக்கும் ரத்தத்தட்டின் மேல் தெரியாது, உள்ளே ஆல்ஃபா துகள்களுக்குள் மடித்து வைத்திருக்கும். காயம் பட்டு த்ரோம்பின் வந்து தட்டியவுடன் சில நிமிடங்களுக்குள் மேல்தோலுக்கு வந்துவிடும், வந்ததும் போகிற வெள்ளணுக்களைப் பிடித்து இழுக்கும். ரத்தம் உறைவதும் நோய் எதிர்ப்பும் கைகோக்கும் இடம் அதுதான், அதற்காகத்தான் இதைப் பார்க்கிறோம். ஆகவே ஒன்றும் போடாத குழாயில் அது வெளியே தெரிகிறது என்றால், உங்கள் ரத்தத்தட்டு ஏற்கெனவே விழித்துக்கொண்டது என்று சந்தேகப்படுங்கள். யார் எழுப்பியது? பெரும்பாலும் நாம்தான்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது நான் இதில் மூன்று வாரம் இழந்திருக்கிறேன். இருபத்தைந்து கிராம் சுண்டெலியின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஒன்றரை முதல் இரண்டு மில்லி, அதை மெல்லிய ஊசியில் அவசரமாக இழுத்தேன், ஊசிக்குழாயின் சுவரில் சிவப்பு நுரை கட்டியது, கூடவே சின்னச் சின்னத் திட்டாக ஏதோ ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் ஆன்டிபாடியின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்றுத் தடித்த ஊசி, ஊசிக்குழாயில் முன்னதாகவே ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட், மெதுவாக இழுப்பது, குழாயைக் குலுக்காமல் இரண்டு முறை மெல்லக் கவிழ்ப்பது, இவ்வளவுதான் மாற்றினேன், குழாய் அடங்கிவிட்டது.

ஐஸில் வைத்தீர்களா? வைக்கக் கூடாது, குளிர்ச்சியும் ரத்தத்தட்டை எழுப்பிவிடும். அறை வெப்பத்தில் வையுங்கள் என்று செய்முறையில் எழுதியிருக்கும், ஆனால் எழுதியவர் நினைத்தது இருபதிலிருந்து இருபத்துநான்கு டிகிரி. ஈரோட்டில் மே மாதம் ஏசி இல்லாத அறை என்றால் அது என்ன வெப்பம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேஜை மேல் ஒரு தெர்மாமீட்டர் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஆன்டிபாடி மேலேயும் ஒரு சோதனை வேண்டும்தான். அதே எலி ஐஜிஜி1 வகை, அதே சாயம், ஆனால் எதையும் குறிவைக்காதது, அதாவது ஐசோடைப் கன்ட்ரோல், அதை ஒரு குழாயில் போட்டீர்களா? அதுவும் மின்னினால் ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டுகிறது, அளவைக் குறைக்க வேண்டும். அது இருட்டாக இருந்து உங்கள் ஆன்டிபாடி மட்டும் மின்னினால், ஆன்டிபாடி உண்மையைத்தான் சொல்கிறது. இந்த ஒரு குழாய் இல்லாமல் 'ஆன்டிபாடி கெட்டது' என்று யார் சொன்னாலும், சீனியராகவே இருந்தாலும், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னும் இரண்டு விஷயம். மனித ரத்தத்தட்டை எழுப்பப் பயன்படும் டிராப்-6 பெப்டைடு (குட்டிப் புரதத் துண்டு) பக்கத்து ஆய்வகத்தில் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், அது தட்டும் பார்1 என்ற ஏற்பி சுண்டெலியின் ரத்தத்தட்டில் கிடையாது, அங்கே பார்3, பார்4 தான், அதனால் பார்4 பெப்டைடு வாங்குங்கள். அப்புறம், நீங்கள் வாங்கியது ஆர்பி40.34 என்ற கிளோனாக (ஒரே செல் வம்சத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி) இருந்தால் அது பி-செலக்டினைக் காட்டுவதோடு நிற்காது, வெள்ளணு வந்து பிடிக்கும் இடத்தையும் மறைத்துவிடும். ரத்தத்தட்டும் வெள்ளணுவும் ஒட்டியிருப்பதை எண்ணப்போகிறீர்கள் என்றால், அதை முதலிலேயே ஊற்றினால் ஒட்டவே ஒட்டாது. பிறகு 'சுண்டெலியில் ஒட்டுதல் இல்லை' என்று ஆய்வேட்டில் எழுதிவிடுவீர்கள், அது பெரிய தப்பாகிவிடும்.

கேள்வி (ஆய்வக உதவியாளர், கோபி): பத்திரமாக இருக்கட்டும் என்று பிஇ சாயம் ஏற்றிய ஆன்டிபாடியை மைனஸ் இருபதில் வைத்துவிட்டேன். பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாமுங்க. பிஇ ஒரு புரதச் சாயம், உறைந்தால் அதன் ஒளி போய்விடும். இரண்டிலிருந்து எட்டு டிகிரி, இருட்டு, இதுதான் அதன் இடம். புதுக் குப்பி வந்ததும் திறப்பதற்கு முன் சில நொடி சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிவிடுங்கள், உள்ளே இருப்பதே மிகக் கொஞ்சம்தான், அதிலும் இளஞ்சிவப்பாக ஒரு துளி மூடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பலர் அதைத் துடைத்துப் போட்டுவிடுகிறார்கள், வயிறு எரிகிறது.

கேள்வி (தென்னை விவசாயி, பொள்ளாச்சி): என் மகள் ஆராய்ச்சி செய்கிறாள். கண்ணுக்கு மருந்து விடுகிற அளவுகூட இல்லாத குப்பிக்குப் பல ஆயிரம் ரூபாய் என்கிறாள். தோப்பு வருமானத்தில்தான் படிக்க வைக்கிறேன். எலி ரத்தத்தைப் பார்த்து மனிதனுக்கு என்ன ஆகப்போகிறதுங்க?

பதில்: நியாயமான கேள்விங்க ஐயா. ஒரே ஒரு இடத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியைச் சாகாத செல்லிலிருந்து தொடர்ந்து எடுக்கும் வழியை 1975-ல் கோலரும் மில்ஸ்டீனும் கண்டுபிடித்தார்கள், 1984-ல் நோபல் கிடைத்தது. அந்தச் செல்லை உயிரோடு காத்து, ஒவ்வொரு தடவையும் சரிபார்த்துக் கொடுப்பதற்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

பயன் என்ன என்றால், உங்கள் ஊரிலிருந்து மலையைப் பாருங்கள். இந்தியாவில் அரிவாள் செல் ரத்தசோகை முதன்முதலில் 1952-ல் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அந்த நோயில் வளைந்த சிவப்பணுக்களும் வெள்ளணுக்களும் ரத்தக்குழாயின் சுவரில் ஒட்டி வழியை அடைக்கும், எலும்பு முறிந்ததைப் போல வலி வரும். சுவரில் ஒட்டவைக்கும் பசைகளில் ஒன்று இதே பி-செலக்டின். சுண்டெலிகளில் அதைத் தடுத்துப் பார்த்த வேலைகளின் தொடர்ச்சியாக, மனித பி-செலக்டினைத் தடுக்கும் கிரிசன்லிசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்துக்கு 2019-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அடுத்து நடந்த பெரிய ஆய்வில் எதிர்பார்த்த பலன் தெரியாததால் 2023-ல் ஐரோப்பா தன் அனுமதியை விலக்கிக்கொண்டது. இரண்டையும் சொல்லாமல் பாதியைச் சொன்னால் உங்களுக்கு நான் துரோகம் செய்தவன் ஆவேன். சுண்டெலியில் நடந்தது மனிதனில் அப்படியே நடக்காது, ஆனால் எந்தப் பசை என்று தெரியாமல் மருந்து தேடவும் முடியாது. மகள் செய்வது அந்தப் பசையைத் தேடும் வேலை, தைரியமாகப் படிக்க வையுங்கள்.

கேள்வி (டெங்கு வந்து தேறியவர், சத்தியமங்கலம்): எனக்கு பிளேட்லெட் நாற்பதாயிரத்துக்கு இறங்கியது. இந்த ஆன்டிபாடியைப் போட்டால் ஏறுமா?

பதில்: ஏறாதுங்க. இது பார்ப்பதற்கான கருவி, மருந்தல்ல, குப்பியிலேயே 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று இருக்கும், பெரும்பாலும் சோடியம் அசைடு என்ற நஞ்சும் கலந்திருக்கும். அதோடு, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ரத்தத்தட்டின் எண்ணிக்கை மனிதனுக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம், சுண்டெலிக்குப் பத்து லட்சம் வாக்கில் இருக்கும், எண்ணைக்கூட ஒப்பிட முடியாது.

கேள்வி (கால்நடை மருத்துவ மாணவர், நாமக்கல்): கோழி ரத்தத்தில் இதே ஆன்டிபாடியைப் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: போடாதீர்கள் தம்பி. கோழிக்கு நமக்கு இருப்பதைப் போன்ற ரத்தத்தட்டு இல்லை, உட்கருவோடு கூடிய த்ரோம்போசைட் என்ற முழுச் செல்தான் அந்த வேலையைச் செய்கிறது. சுண்டெலிப் புரதத்துக்கென்று எடுத்த ஆன்டிபாடி அங்கே பிடிக்கும் என்று நம்பக் காரணம் ஏதும் இல்லை. கோழியில் சோதித்ததாகக் குப்பியின் தாளில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.