சுட்டுவதும் சுடுவதும்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எழுத்தைப் பற்றிக் கேட்காமல் இதைக் கேட்பதற்கு மன்னிக்கவும். நீங்களும் கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி ஆட்டம் ஆடுவதுண்டு என்று ஒருமுறை போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கடிதம்.

எனக்கு 33 வயது. குழந்தை தூங்கிய பிறகு இரவில் ஒன்றரை மணி நேரம் ஆடுவேன். ஒரு வருடமாக ராங்க் இறங்கிக்கொண்டே வருகிறது. கூட ஆடும் பையன்கள் ‘அங்கிள்’ என்கிறார்கள். எதிரி கண்ணில் படுகிறான், ஆனால் மவுஸைத் திருப்புவதற்குள் செத்துவிடுகிறேன். இப்போது இருப்பது ஐந்து வருடப் பழைய மவுஸ், 105 கிராம். 1600 டிபிஐ, ஆட்டத்துக்குள் சென்சிட்டிவிட்டி 2. மாற்றலாம் என்று மூன்று மவுஸைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 26,000 டிபிஐ வரை போகும். ஒன்று 8000 ஹெர்ட்ஸ். மூன்றாவது உடம்பெல்லாம் ஓட்டை போட்டது, 60 கிராமுக்கும் குறைவு. வயர் உள்ளதா, வயர்லெஸ்ஸா என்பதிலும் குழப்பம். என் கை சின்னது. ஆடி முடித்ததும் மணிக்கட்டில் கொஞ்சம் வலி இருக்கிறது, புது மவுஸ் வந்தால் அதுவும் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். எதை வாங்கலாம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

‘மவுஸைத் திருப்புவதற்குள் செத்துவிடுகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். போன வாரம் முழுக்க என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய அதுதான். அதற்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் கேட்டதையெல்லாம் முதலில் சட்டென்று முடித்துவிடலாம்.

வயரா வயர்லெஸ்ஸா என்பது பழைய சண்டை. இன்றைக்கு வரும் நல்ல வயர்லெஸ் மவுஸை, அதனோடு தரும் ரிசீவரை யுஎஸ்பியில் செருகி ஆடினால் உங்களுக்கும் வித்தியாசம் தெரியாது, எனக்கும் தெரியாது. போட்டிகளில் ஆடிச் சம்பாதிப்பவர்களே பெரும்பாலும் மாறிவிட்டார்கள். புளூடூத்தில் மட்டும் ஆடாதீர்கள். வண்ண விளக்கு எரிவது, பக்கவாட்டில் பன்னிரண்டு பொத்தான் வைப்பது, இதையெல்லாம் நீங்கள் கேட்கவில்லை. நல்லது.

26,000 டிபிஐ. மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் கணினிக்கு எத்தனை எண்ணிக்கை போகிறது என்பதுதான் டிபிஐ. 1920 புள்ளி அகலமுள்ள திரையில், எண்ணிக்கைக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டால், உங்கள் கை ஓர் அங்குலம் அசைவதற்குள் அம்பு திரையைப் பதின்மூன்று தடவைக்கு மேல் கடந்திருக்கும். தும்மினால் போதும், அடுத்த ஊரில் இருப்பீர்கள். தொழிலாக ஆடுபவர்கள் பெரும்பாலும் 400, 800, 1600 என்று மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அட்டைப்பெட்டியின் மேல் அச்சடிக்க ஒரு பெரிய எண் தேவைப்படுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

8000 ஹெர்ட்ஸும் அந்த ஜாதிதான். சாதாரண மவுஸ் நொடிக்கு 125 முறை தன் இடத்தைக் கணினியிடம் சொல்கிறது. 8 மில்லிநொடிக்கு ஒருமுறை. அதை 1000 ஆக்கினால் 1 மில்லிநொடி, இது வாங்க வேண்டிய முன்னேற்றம். 8000 ஆக்கினால் 0.125. அதாவது, நீங்கள் கூடுதலாகச் சம்பாதிப்பது அதிகபட்சம் 0.875 மில்லிநொடி. திரையில் ஒன்று மாறியதைக் கண்டு விரலை அழுத்த மனிதருக்கு ஏறக்குறைய 200 மில்லிநொடி ஆகிறது. உங்களை அங்கிள் என்கிற பையனுக்கும் அதே கணக்குதான், 20 வயதுக்கும் 33 வயதுக்கும் நடுவில் இதில் பெரிய பள்ளம் எதுவும் கிடையாது. ஆனால் நீங்கள் வயதானதற்கு மருந்தாக 0.875ஐ வாங்கப் பார்க்கிறீர்கள். பேட்டரி சீக்கிரம் தீரும், பிராசசருக்கு வேலை கூடும், ராங்க் அங்கேயே இருக்கும். உங்கள் பழைய மவுஸின் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள், ஆட்டத்துக்கென்று செய்த மவுஸ் என்றால் 1000 அதிலேயே இருக்கும். அது 500இல் நின்றுகொண்டிருந்தால் எனக்குக் கோபம் வரும்.

‘ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்’ என்று சொல்லி உங்களை அனுப்பிவிட மாட்டேன். மேடை சில சமயம் நிஜமாகவே கோணலாக இருக்கும். எடை அப்படி ஒரு விஷயம். கனமான பொருளைக் கிளப்புவதற்கும் பலம் வேண்டும், நிறுத்துவதற்கும் பலம் வேண்டும். ஆட்டத்தில் நிறுத்துவதுதான் கஷ்டம். 100 கிராம் மவுஸெல்லாம் சர்வசாதாரணமாக இருந்த காலம் உண்டு. லாஜிடெக் 2018இல் 80 கிராமில் ஒரு வயர்லெஸ் மவுஸ் கொண்டுவந்தது, 2020இல் அதையே 63 கிராமுக்கும் கீழே இறக்கியது. இப்போது ஓட்டை போடாமலே 60 கிராமில் கிடைக்கிறது. அதனால் அந்த மூன்றாவது மவுஸைத் தேர்ந்தெடுத்தால் எடைக்காகத் தேர்ந்தெடுங்கள், ஓட்டைக்காக வேண்டாம். ஓட்டைக்குள் தூசி போகும்.

கை சின்னது என்கிறீர்கள். எவ்வளவு சின்னது? மூன்று மவுஸின் எண்களை ஒப்பித்தவர் தன் கையை மட்டும் அளக்கவில்லை. நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டின் ரேகை வரை ஸ்கேலை வையுங்கள். அதில் 60 சதவீதம் மவுஸின் நீளம் என்று ஆடுபவர்களிடையே ஒரு தோராயக் கணக்கு உண்டு. 17.5 செ.மீ. கை என்றால் 10.5 செ.மீ. மவுஸ். உள்ளங்கை முழுவதும் படியப் பிடிப்பவருக்குக் கொஞ்சம் நீளமாக இருக்கலாம், விரல் நுனியால் மட்டும் பிடிப்பவருக்கு இன்னும் குட்டையாக இருக்கலாம். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

சரி, இனி என் விஷயம்.

போன வாரம் பழைய பெட்டி ஒன்றைக் கிளறியபோது அண்ணனின் மவுஸ் கிடைத்தது. பந்து வைத்த காலத்து மவுஸ். பந்து இல்லை. அது இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம்.

இந்தத் தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். அந்த மவுஸின் வயிற்றில் ரப்பர் பூசிய கனமான உருண்டை ஒன்று இருக்கும். அது உருளும்போது உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இருக்கும் இரண்டு சின்ன உருளைகளைச் சுழற்றும். மேஜையிலுள்ள அழுக்கெல்லாம் அந்த உருளைகளில் சாம்பல் நிற வளையமாகச் சுற்றிக்கொள்ளும், பந்து வழுக்கும், அம்பு திக்கும். அடிமூடியைத் திருகினால் பந்து உள்ளங்கையில் விழும். நகத்தால் அந்த வளையத்தைச் சுரண்டினால் சுருள் சுருளாக வரும். அந்தச் சுகத்தை எந்த லேசர் மவுஸும் தராது.

1997. அண்ணன் குவேக் ஆடுவான், அரக்கர்களைச் சுட்டுக்கொண்டே போகும் ஆட்டம். அவன் எழுந்தால் நான் ஆடுவேன். அதில் மவுஸால் சுற்றிப் பார்ப்பது தானாக வராது, ‘பிளஸ் எம்லுக்’ என்று ஒரு கட்டளையைத் தட்ட வேண்டும். அவன்தான் சொல்லிக்கொடுத்தான். ஒருநாள் என் முறையை எனக்குத் தராமல் ஆடிக்கொண்டே இருந்தான். மறுநாள் அவன் வருவதற்குள் பந்தைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, என் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துவிட்டேன். அவன் வந்தான். மவுஸைத் தூக்கினான். எடை குறைந்திருப்பது கைக்கே தெரிந்துவிட்டது. காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினான். என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் மவுஸை ஓரமாகத் தள்ளிவிட்டு அம்புக்குறி விசைகளால் ஆடத் தொடங்கினான்.

விசையால் திரும்புவது எவ்வளவு மெதுவென்று ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அவனுக்குத் திரும்ப வேண்டிய தேவையே வரவில்லை. ஒவ்வொரு வாசலுக்கும் முன்னால் நின்று, அரக்கன் எங்கிருந்து வருவான் என்று பார்த்து, திரையின் நடுவை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைத்தான். வந்தது, சுட்டான். அடுத்த வாசல். (குவேக் மேலும் கீழும் கொஞ்சம் தானே குறி பார்த்துக்கொடுக்கும், அது வேறு கதை.) மவுஸை வைத்துக்கொண்டு நான் ஒருநாளும் தாண்டாத கட்டத்தை அன்று மவுஸே இல்லாமல் முடித்தான். வயிறு எரிந்தது. மறுநாள் பந்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் ஜியாமெட்ரி பாக்ஸில் கைக்குட்டை மட்டும்தான் இருந்தது. இன்றுவரை அது எங்கே போனதென்று தெரியாது. போன வாரம் அந்த மவுஸைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். ‘பந்து?’ என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

தமிழில் மவுஸுக்குச் ‘சுட்டி’ என்று பெயர் வைத்தவர்களை எனக்குப் பிடிக்கும். சேட்டைக்காரப் பிள்ளையும் சுட்டிதான் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். சுட்டுவது ஒன்று, சுடுவது இன்னொன்று. ‘சுட்டினேன்’, ‘சுட்டேன்’ இரண்டுக்கும் நடுவில் ஓரெழுத்துதான் இடைவெளி. உங்கள் கையில் இருப்பது சுடும் கருவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதன் வேலை சுட்டுவது. அதுவும் எதிரி வந்த பிறகு கிடையாது, வருவதற்கு முன்னால்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954இல் ஒரு விதி சொன்னார். கையை ஓர் இலக்கில் கொண்டுபோய் வைக்க ஆகும் நேரம், இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு அகலம் என்ற இரண்டின் விகிதத்தைப் பொறுத்தது. 1978இல் ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் கார்டும் கூட்டாளிகளும் மவுஸை வைத்து அளந்தபோது அதுவும் அந்த விதிக்கு அடங்கியது. கூட்டாளிகளில் ஒருவர் பில் இங்கிலிஷ், மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கெல்பார்ட்டுக்கு 1960களில் முதல் மவுஸை மரத்தில் செய்துகொடுத்தவர். இந்த விதியை உங்கள் ஆட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எதிரியின் தலையின் அகலத்தை உங்களால் மாற்ற முடியாது. ஆனால் கிராஸ்ஹேர், அதாவது திரை நடுவிலுள்ள குறி, போக வேண்டிய தூரத்தைப் பாதியாக்கினால், தலை இரண்டு மடங்கு பெரிதானதற்குச் சமம். மூலையிலிருந்து அவன் வெளிவரும் இடத்தில், அவன் தலை வரும் உயரத்தில் கிராஸ்ஹேரை முன்கூட்டியே நிறுத்தியிருந்தால் மிச்சம் இருப்பது இரண்டு விரல் அசைவு. நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறீர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ‘திருப்புவதற்குள்’ என்று எழுதினீர்களே. திருப்ப வேண்டியிருந்தது என்றாலே தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று அர்த்தம்.

மணிக்கட்டு வலி உங்கள் சென்சிட்டிவிட்டியிலிருந்து, அதாவது கை அசைவுக்குப் பார்வை எவ்வளவு திரும்புகிறது என்பதிலிருந்து, வருகிறது என்பது என் சந்தேகம். கணக்குப் போடுவோம். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் சென்சிட்டிவிட்டி 1 என்றால் மவுஸின் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் 0.022 டிகிரி திரும்புவீர்கள். உங்களுக்கு 2, ஆகவே 0.044. முழு வட்டம் சுற்ற 8,182 எண்ணிக்கை. 1600ஆல் வகுத்தால் 5.1 அங்குலம், 13 செ.மீ. உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறீர்கள்! கை ஒரு மில்லிமீட்டர் நடுங்கினால் துப்பாக்கி மூன்று டிகிரிக்குச் சற்றுக் குறைவாக விலகுகிறது. அந்த நடுக்கத்தை அடக்க மவுஸை நசுக்கிப் பிடிக்கிறீர்கள். இன்றிரவு ஒரு சுற்று முடிந்ததும் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். வெளுத்திருக்கும். எனக்கு வெளுத்திருந்தது. பாட்டில் மூடியைத் திருக முடியாத நிலை வந்த பிறகுதான் கவனித்தேன். ஈரச் சோப்பைப் பிடிக்கிற மாதிரி பிடிக்க வேண்டும், இறுக்கினால் கையை விட்டுப் போய்விடும் என்ற நினைப்போடு.

டிபிஐ 1600 அப்படியே இருக்கட்டும். சென்சிட்டிவிட்டி 2 என்பதை 0.6 ஆக்குங்கள். வட்டம் 43 செ.மீ. ஆகிவிடும், கவுன்டர் ஸ்ட்ரைக்கில் தொழிலாக ஆடுபவர்கள் பலர் 40க்கும் 60க்கும் நடுவில்தான் இருக்கிறார்கள். மணிக்கட்டால் இதை ஆட முடியாது, முழங்கையும் தோளும் வேலைக்கு வந்தே ஆக வேண்டும். மேஜையில் 45 செ.மீ. அகலத்துக்குத் துணி மவுஸ் பேட் விரியுங்கள். முதல் வாரம் பின்னால் வருபவனிடம் தினமும் சாவீர்கள். அந்தப் பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வாரக் கடைசியில் பழைய 2க்கு ஓடிப்போனால் மறுபடி எனக்கு எழுத வேண்டாம்.

இன்னொன்று. இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகிறதா? அந்த விரல்களுக்குப் போகும் நரம்பு மணிக்கட்டின் குறுகலான வழியில்தான் நுழைகிறது. மரத்துப்போனால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மரத்துப்போகாவிட்டாலும் வலி தொடர்ந்தால் பாருங்கள். குழந்தையைத் தூக்க வேண்டிய கை அது.

கேள்வி என்ன, எதை வாங்கலாம் என்பதா? ஒரு மாதம் எதையும் வாங்காதீர்கள். 0.6இல் ஆடுங்கள், ஒவ்வொரு வாசலிலும் நின்று ஆடுங்கள். அப்புறம் கையின் நீளம், அகலம், நகம் வெளுக்கிறதா இல்லையா, மூன்றையும் எழுதி அனுப்புங்கள். மவுஸின் பெயரை எழுத வேண்டாம்.

அன்புடன்,
அக்கா