விசாரணை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: மாவட்ட அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். கோப்பு ஒன்று காணாமல் போனதற்காக எனக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் ஒழுங்கு விதி 17(ஆ)இன் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்திருக்கிறது. "வாய்மொழி விசாரணை வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள், சீக்கிரம் முடிந்துவிடும்" என்கிறார் ஊழியர் விவகாரங்களைக் கவனிக்கும் பணியமைப்புப் பிரிவின் கண்காணிப்பாளர். பத்து வருடப் பழக்கம், நல்ல மனிதர். அவர் சொல்வதைக் கேட்கலாமா?

பதில்: கேட்க வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் குற்றச்சாட்டை வரைவு செய்தது அவருடைய பிரிவு. நாளை உங்கள் விளக்கத்தைக் கோப்பில் வைத்து, குறிப்பெழுதி, ஒழுங்கு நடவடிக்கை அதிகாரிக்கு அனுப்பப்போவதும் அதே பிரிவு. நடவடிக்கை விதி பிசகாமல் நடக்கும்படி பார்ப்பதுதான் அவர் வேலை. உங்களுக்காக வாதாடும் பொறுப்பு அவருக்குக் கிடையாது. நானும் அந்தப் பிரிவில் இருந்தவன். நிலுவைப் பட்டியலில் ஒன்று குறைந்தால் எங்களுக்கு அன்று நிம்மதி.

அதே விதியின் 17(அ) பிரிவு சிறு தண்டனைகளோடு நிற்கும். விளக்கத்தைப் படித்தே முடிவெடுத்துவிடலாம். 17(ஆ) பணியறவு, அதாவது வேலையைவிட்டு நீக்குவது வரைக்கும் போகக்கூடியது. அதனால்தான் சாட்சிகளை நேரில் விசாரிக்கும் வாய்மொழி விசாரணை வேண்டுமா, நேரில் சொல்ல விரும்புகிறீர்களா, இரண்டுமா என்று விதியே உங்களைக் கேட்கிறது. வேண்டும் என்று எழுதிவிட்டால் விசாரணை நடத்தியே ஆக வேண்டும்.

உங்கள் வழக்கில் இது உயிர்நாடி. கோப்பு கடைசியாக உங்களிடம் இருந்தது என்று யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். கோப்புகளின் வரத்தையும் போக்கையும் எழுதிவைக்கும் தன்பதிவேட்டில் அது எந்தத் தேதியில் யாருக்குப் போனது, பொறுப்பு ஒப்படைத்த பட்டியலில் இருந்ததா என்று அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேறு இடம் இல்லை. நான் பார்த்த ஒரு வழக்கில், பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த 'திரும்பப் பெறப்பட்டது' என்ற குறிப்பு ஒருவருடைய வேலையைக் காப்பாற்றியது. விசாரணை நடந்ததால்தான் அந்தப் பதிவேடே வெளியில் வந்தது.

நீங்கள் வேண்டாம் என்று எழுதினாலும், நீங்கள் ஒப்புக்கொள்ளாத, சாட்சிகளால் மட்டுமே நிரூபிக்கக்கூடிய குற்றச்சாட்டுக்கு விசாரணை நடத்த வேண்டும் என்று விதியில் இருக்கிறது. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். 'விசாரணை கோரவில்லை' என்ற வரி கோப்பில் ஏறியபின் அதன் பொருளை விளக்க நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள்.

கோப்பு உண்மையிலேயே உங்கள் கையில் தொலைந்திருந்தால், சங்கத்தையோ வழக்கறிஞரையோ பார்த்துவிட்டு விளக்கம் எழுதுங்கள்.

கண்காணிப்பாளரிடம் கேட்க வேண்டியவை வேறு: குறிப்பாணையில் சொல்லியுள்ள ஆவணங்களின் நகல், பதிவேடுகளைப் பார்வையிட அனுமதி, தேவையானால் கால நீட்டிப்பு. நல்ல கண்காணிப்பாளர் இவற்றைத் தட்டமாட்டார். விசாரணை அதிகாரியின் அறிக்கை நகலையும் தண்டனை முடிவாகும் முன் உங்களுக்குத் தந்தாக வேண்டும். உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 1993இல் சொன்னது இது.

விளக்கத்தின் கடைசியில், "குற்றச்சாட்டை மறுக்கிறேன், வாய்மொழி விசாரணை கோருகிறேன், நேரிலும் என் தரப்பைச் சொல்ல வாய்ப்பு வேண்டுகிறேன்" என்று எழுதுங்கள். அவர் கையில் கொடுக்காமல் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.