படத்தில் எழுத்து இருந்தால் கண் ஏன் அங்கே ஓடுகிறது? கேள்வி பதில்

கேள்வி: தோழி சிரித்தபடி நிற்கும் படம் எடுத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் பின்னாலிருந்த பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள்!

பதில்: தோழி கோபித்துக்கொள்ள வேண்டாம். முகத்துக்குப் போட்டியாக நிற்கக்கூடியது எழுத்துதான். செர்ஃப், ஃப்ரேடி, கோக் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 2009-ல் வெளியிட்ட கண்ணசைவு ஆய்வில், வேறு பொருளைத் தேடச் சொன்னபோதும் பார்வை முகத்துக்கும் எழுத்துக்கும் போய்வந்தது.

கேள்வி: பளிச்சென்ற நிறம்தானே காரணம்?

பதில்: அது முக்கியக் காரணமில்லை. வாங், பாம்ப்ளன் இருவரும் 2012-ல் இதைச் சோதித்தார்கள். எழுத்து வழக்கமாக இருக்கும் இடம் என்பதே பார்வையைக் கொஞ்சம் இழுக்கிறது. தெரியாத மொழி எழுத்தும் இழுக்கும். பழகிய மொழிக்கு இழுப்பு கூடுதல்.

கேள்வி: பார்த்தாலும் படிக்காமல் விட முடியாதா?

பதில்: முயன்று பாருங்கள். ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தை மட்டும் சொல்லுங்கள். நாக்கு ஒரு கணம் தடுக்கும். உளவியலாளர் ஸ்ட்ரூப் 1935-ல் செய்தது இதுதான். வெறும் நிறக் கட்டங்கள் 100-க்கு நிறம் சொல்லச் சராசரியாக 63 விநாடி ஆனது. நிறம் மாறிய சொற்கள் 100-க்கு 110 விநாடி. நாம் முடிவெடுக்கும் முன்பே மூளை படித்துவிடுகிறது. இத்தனைக்கும் எழுத்து பிறவியில் வந்ததில்லை. படிக்கக் கற்ற பிறகுதான் மூளையின் இடப்பக்கம், பின்புற அடிப்பகுதியில் ஒரு சின்ன இடம் எழுத்துக்கென்று பழகிக்கொள்கிறது. எனக்கு இன்றும் வியப்பு தருவது இதுதான்.

கேள்வி: ஓரத்தில் இருக்கும் எழுத்து எப்படிக் கண்ணில் படுகிறது?

பதில்: கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். கண் கூர்மையாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த நக அகலம்தான். மற்றதெல்லாம் மங்கல். அந்த மங்கலிலும் நெருக்கமான கோடுகள் வரிசையாக நிற்பது எழுத்து மாதிரித் தெரியும். உடனே கண் அங்கே தாவும்.

கேள்வி: சரி, என் படத்தை எப்படிச் சரிசெய்வது? (தோழியைப் படமெடுத்தவர்தான்)

பதில்: முடிந்தால் பலகையை வெட்டிவிடுங்கள். மங்கலாக்குவதானால் கோடுகளே கரையும் அளவுக்கு ஆக்குங்கள். அரைகுறையாக விட்டால், அது என்ன சொல் என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் தோழி பாடு திண்டாட்டம்தான்.