அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கில் இறங்கி நடந்து, கூடாரம் அடித்துத் தங்க என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

“யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த எங்களுக்கு அரிசோனா வெயில் ஒரு பொருட்டா?” என்றும் கேள்வியில் கேட்டிருக்கிறீர்கள். பொருட்டுத்தான். எங்கள் ஊர் வெயிலில் வியர்த்துக் கொட்டும், சட்டை முதுகில் ஒட்டும், விடாய் எடுக்கும், தண்ணீர் குடிப்போம். அங்கே காற்று வறண்டது. வியர்வை வந்த தடமே தெரியாமல் காய்ந்துவிடும். என்னோடு நடந்த மச்சானின் கறுப்புச் சட்டையில் துளி ஈரமில்லை. ஆனால் முதுகுப்பையின் வார் பட்ட இடமெல்லாம் வெள்ளைக் கோடாக உப்புப் பூத்திருந்தது.

உடம்பிலிருந்து நீர் போவதே தெரியாது என்பதால் நினைவாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்காக வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்புக் குறைந்து வாந்தி, தலைவலி, மனக்குழப்பம் வரை போகும். உப்புள்ள சாப்பாடு கட்டாயம் வேண்டும். என்னைக் கேட்டால் பருத்தித்துறை வடையை விஞ்ச ஒன்றுமில்லை. பாரமில்லை, கெட்டுப்போகாது, உறைப்பு இருப்பதால் பசி இல்லாத நேரத்திலும் வாய்க்குள் இறங்கும்.

அடுத்தது ஏற்றம். சிவனொளிபாத மலையில் முதலில் ஏறுகிறோம். முடியாவிட்டால் பாதியில் திரும்பி இறங்கலாம். இங்கே எல்லாம் மறுவளம். நடை தொடங்கும் தெற்கு விளிம்பு கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீற்றர் உயரம். பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் கொலராடோ ஆறு அதற்கு 1,300 மீற்றருக்கு மேல் கீழே. உற்சாகமாக இறங்கிவிட்டுக் களைத்த காலோடு ஏற வேண்டும். இறங்கிய நேரத்தைப் போல இரு மடங்கு ஏறுவதற்கு என்று வையுங்கள். கீழே போகப் போகச் சூடும் கூடும். கோடையில் அடியில் 40 பாகையைத் தாண்டும். ஒரே நாளில் ஆற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பும் எண்ணமே வேண்டாம்.

சவுத் கைபாப் பாதையால் இறங்கி, பிரைட் ஏஞ்சல் பாதையால் ஏறுவதுதான் நல்லது. முதலாவது சுமார் 11 கிலோமீற்றர். செங்குத்து, தண்ணீர் இல்லை, நிழலும் இல்லாத மாதிரித்தான். ஏறுவதற்கு அது சரிவராது. மற்றது 15 கிலோமீற்றர் வரும், ஆனால் தண்ணீர்க் குழாய்கள் உண்டு. ஆற்றடியில் ஓர் இரவு, நடுவழியில் ஹவசுபாய் கார்டன்ஸ் முகாமில் ஓர் இரவு என்று ஏற்றத்தை இரண்டாகப் பிரிக்கலாம். குழாய் பழையது, அடிக்கடி உடையும். புறப்பட முதல் பூங்காவின் அறிவித்தலைப் பாருங்கள். தண்ணீர் சுத்திகரிக்க ஏதாவது கையில் இருக்கட்டும்.

கீழே இரவு தங்க அனுமதிப் பத்திரம் வேண்டும். நான்கைந்து மாதத்துக்கு முன்பே குலுக்கலில் பதிய வேண்டும் என்பதால், விசா அலுவலை அதற்கும் முதலே தொடங்குங்கள். மேலே மேதர் முகாமுக்கு 6 மாதம் முன்பிருந்தே இடம் பிடிக்கலாம். ஏப்ரல், மே, ஒக்டோபர் நல்லது. ஜூலை, ஓகஸ்டில் இடிமழையும் திடீர் வெள்ளமும் வரும்.

காஸ் உருளையை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அங்கேயே வாங்குங்கள். கீழே விறகு மூட்டத் தடை. சாப்பாட்டை அங்குள்ள இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடாவிட்டால் அணில் பையைக் கடித்துத் திறந்துவிடும். எங்கள் முற்றத்து அணில் அல்ல, அது பொல்லாதது.

வெள்ளன வெளிக்கிடுங்கள். கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை வெயிலில் நடக்காமல் நிழலில் இருங்கள். ஊரில் பழக மேடு இல்லைதான். மாடிப்படி உள்ள கட்டடம் ஏதாவது பார்த்து, பாரம் வைத்த பையோடு ஏறி இறங்குங்கள். புதுச் சப்பாத்தோடு போக வேண்டாம். இறக்கத்தில் விரல் முன்னால் இடிக்கும், கால் நகத்தையும் வெட்டிவிட்டுப் போங்கள்.