காரா, ரயிலா? இரண்டும்தான்!

கேள்வி: ஜூனில் பத்து நாள் இங்கிலாந்து போகிறோம். நான், கணவர், 13, 8 வயதுப் பிள்ளைகள், மாமனார், மாமியார் என ஆறு பேர். ஹீத்ரோவிலேயே கார் எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமனாரோ ரயிலைத் தவிர வேறு பேச்சே எடுப்பதில்லை. யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: முதல் ஐந்து நாள் மாமனார் சொல்வதை. அடுத்த நான்கு நாள் கணவர் சொல்வதை.

லண்டனில் கார் வேண்டவே வேண்டாம், சகோதரி. பினாங்கிலிருந்து நாங்கள் ஏழு பேர் போனபோது ஏழு சீட் கார் எடுத்தோம். கடைசி வரிசையை நிமிர்த்தினால் பெட்டி வைக்க இடமில்லை. ஒரு பெரிய பெட்டி ஓட்டல் வரை என் மாமியார் மடியிலேயே வந்தது. நகர மையத்துக்குள் நுழைந்தால் நெரிசல் கட்டணம் உண்டு என்பதும் எங்களுக்குத் தெரியாது. நம்மூர் மாதிரி டோல் சாவடியோ டச் அண்ட் கோ டோல் கார்டோ இல்லை. கேமரா நம்பர் பிளேட்டைப் பிடித்துக்கொள்ளும், நாமாகக் கட்ட வேண்டும். இங்கே தீபாவளிக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தபோது அபராதக் கடிதம் வந்து சேர்ந்தது.

பாதாள ரயிலில் உங்கள் சின்னவருக்கு டிக்கெட் வேண்டாம்; 11 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர்களோடு இலவசம். மூத்த பிள்ளைக்கு லண்டன் பயணக் கார்டான ஓய்ஸ்டர் கார்டு வாங்கி, ஸ்டேஷன் ஊழியரிடம் ‘யங் விசிட்டர்’ சலுகை போடச் சொல்லுங்கள், பாதிக் கட்டணம்தான்.

பிறகு கிங்ஸ் கிராஸில் ரயிலேறினால் இரண்டு மணி நேரத்தில் யார்க் நகரம். ‘ஃபேமிலி அண்ட் பிரெண்ட்ஸ்’ ரயில் கார்டு ஒன்று உங்கள் ஆறு பேருக்கும் போதும்: பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு 60 விழுக்காடு கழிவு. ‘அட்வான்ஸ்’ டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் இன்னும் மலிவு. ஆனால் அந்த ரயிலை விட்டால் டிக்கெட்டும் போச்சு. யார்க் ஸ்டேஷன் பக்கத்திலேயே தேசிய ரயில்வே அருங்காட்சியகம், நுழைவு இலவசம். 1938இல் மணிக்கு 126 மைல் ஓடி உலக சாதனை படைத்த ‘மாலர்ட்’ நீராவி எஞ்சின் அங்கேதான் நிற்கிறது. மாமனாரை அங்கே விட்டுவிட்டு நீங்கள் தைரியமாகக் கடைத்தெருவுக்குப் போகலாம்.

காரை யார்க்கில் எடுங்கள். அங்கிருந்து வடமேற்கு இங்கிலாந்தின் வின்டர்மியர் ஏரிப் பக்கம் இரண்டரை மணி நேரம். நம் லைசென்ஸ் செல்லும், அங்கும் இடப்பக்கம்தான். ஆட்டோ கியர் வேண்டுமென்று புக்கிங்கிலேயே சொல்லிவிடுங்கள். சின்னவர் 135 செ.மீ. உயரம் இல்லையென்றால் பிள்ளை இருக்கை சட்டப்படி கட்டாயம். பலகையில் 70 என்றால் மைல். நம் நெடுஞ்சாலையின் 110 கிலோமீட்டர்தான் கிட்டத்தட்ட. ஏரிப் பக்கத்துச் சந்துகள் வேறு கதை. இருபுறமும் கற்சுவர், எதிரே ஒரு டிராக்டர். என் கணவர் ரிவர்ஸிலேயே போய் ஒதுங்கினார். அதற்குப் பயமென்றால் 555 பேருந்து வின்டர்மியரிலிருந்து கெசிக் வரை போகும்.

கடைசியாக ஒன்று: 2025 ஜனவரியிலிருந்து மலேசியர்களுக்கு இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். பிள்ளைகளுக்கும் தனித்தனியாக.

கேள்வி: ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: தாராளமாக. அங்கேயும் நம் மூன்று கால் பிளக்தான். ஓட்டல் அறையில் சமைக்க விடமாட்டார்கள். சமையலறையுள்ள வீடாக எடுங்கள். கடுகு தாளிக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். நான் திறக்கவில்லை. புகை அலாரம் கத்தி, பக்கத்து வீட்டுக்காரர் பைஜாமாவோடு வெளியே வந்து நின்றார்.