சிறிய ஊர்களில் சிகரெட்டையும் வேப்பையும் மக்கள் ஒரே கண்ணோடு பார்க்கிறார்களா?

இல்லை. கேள்வி சிகரெட்டையும், திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட்டான வேப்பையும் பற்றியது என்றாலும், எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில் ஊர் முதலில் பார்ப்பது பிடிப்பவர் யார் என்பதைத்தான். வயதான ஆண் வாசலில் உட்கார்ந்து ஊதினால் 'அவர் அப்படித்தான்' என்று விட்டுவிடுவார்கள். ஓர் இளம்பெண் அதையே செய்தால், அவள் வீடு திரும்புவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். இதற்கு உடல்நல அக்கறை என்று பெயர் சூட்டுவதை நான் ஏற்பதில்லை. நுரையீரலுக்கு ஆண் பெண் தெரியாது.

வேப் விஷயத்தில் ஊரின் கண்ணே பாதி வேலை செய்வதில்லை. சிகரெட்டைச் சாம்பல் காட்டிக்கொடுக்கும், விரலிடுக்கின் மஞ்சள் கறை காட்டிக்கொடுக்கும், துணியில் ஏறிய நாற்றம் காட்டிக்கொடுக்கும். வேப் பென் டிரைவ் அளவில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஓர் இழுப்பு இழுத்து, ஆவியைச் சட்டைக் காலருக்குள் விட்டுவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு எட்டுவது லேசான பழ வாசனை மட்டுமே. சூயிங்கம் என்று நினைத்துக்கொள்வார்.

கண்ணில் படாததைப் பற்றி வதந்திதான் பேசும். 'வெறும் நீராவி' என்பார் ஒருவர், 'சிகரெட்டைவிடக் கொடியது' என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு. அந்த ஆவியில் பெரும்பாலும் நிகோட்டின் இருக்கிறது, அடிமையாக்குவது அதுதான். ஆனால் புகையிலை எரிவதில்லை என்பதால் தார் எனும் ஒட்டும் கறைப்பொருளும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் ஏறக்குறைய இல்லை. 2019-இல் அமெரிக்காவில் பலரின் நுரையீரல் பாதிக்கப்பட்டதற்கு, கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அந்தச் செய்தியில் பலர் மனத்தில் தங்கியது 'வேப்' என்ற சொல் மட்டும். அரசுகளே ஒத்துப்போவதில்லை: இந்தியா 2019-இல் விற்பனையை முற்றாகத் தடைசெய்தது; பிரிட்டனோ சிகரெட்டைக் கைவிட நினைப்பவர்களுக்கு வேப்பைப் பரிந்துரைத்துக்கொண்டே, 2025 ஜூனில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையை மட்டும் தடுத்தது. பிறகு ஊரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

பிறர் விடும் புகையாலும் உலகில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். ஆகவே 'இந்த அறைக்குள் கூடாது' என்ற விதி நியாயமானது. 2004-இல் அயர்லாந்து பணியிடங்களிலும் மதுக்கூடங்களிலும் புகைக்கத் தடை விதித்தபோது, மக்கள் பெருமளவில் கீழ்ப்படிந்தார்கள். சிறிய இடத்தில் இத்தகைய விதிக்குக் கூடுதலாக ஒரு நன்மை உண்டு: உறவினரிடம் முகம் சுளிக்க வேண்டியதில்லை, 'சட்டம் அப்படி' என்று சொல்லி நழுவிவிடலாம்.

ஆனால் ஆளையே ஒதுக்குவது வேறு. நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் நடக்கும் நீண்டகால இதயநல ஆய்வோடு தொடர்புடைய 12,067 பேரின் உறவு வலையை 1971 முதல் 2003 வரை அலசியது. மக்கள் கூட்டம் கூட்டமாகவே புகைப்பழக்கத்தைக் கைவிட்டிருந்தார்கள். துணைவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. சிறு நிறுவனங்களில் சக ஊழியர் விட்டால் 34 சதவீதம். விடாதவர்களோ காலப்போக்கில் அந்த வலையின் ஓரத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு உறுத்துவது இந்தக் கடைசிச் செய்திதான். ஓரத்தில் நிற்பவருக்கு, புகைப்பழக்கத்தைக் கைவிட்ட நண்பர் ஒருவர்கூட அருகில் இருக்கமாட்டார். பக்கத்தில் நிற்பவரும் தீப்பெட்டி நீட்டுபவராகவே இருப்பார்.